கூந்தலும் கல்லாப்பெட்டியும்

2014 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ தொடரின் நான்காம் பகுதி பெரிதாகப் பேசப்பட்டது. வயோலா டேவிஸ் நடித்த வழக்கறிஞர் கண்ணாடி முன் உட்கார்ந்து நகைகளைக் கழற்றுகிறார்; தலையிலிருந்த விக்கை எடுத்து வைக்கிறார்; ஒட்டு இமைகளைப் பிரித்து, முகப்பூச்சை முழுக்கத் துடைத்த பிறகே கணவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறார். ஒரு கறுப்பின நாயகி இரவுநேர முதன்மைத் தொடரில் தன் சொந்த முடியோடு அப்படித் தோன்றுவது அபூர்வம். கிடைத்த பாராட்டு நியாயமானது. சங்கடம் அதற்குப் பிறகு தொடங்கியது. அந்தக் காட்சி ஒரு வாய்பாடாகிவிட்டது. 2018இல் வந்த ‘நாப்பிலி எவர் ஆஃப்டர்’ படத்தில் நாயகி ஓரிரவில் தலையை மழித்துக்கொண்டு தன்னைக் கண்டடைகிறாள். 2020இன் ‘பேட் ஹேர்’ பேய்ப்படத்தில் தலையில் தைத்த சவுரியே ரத்தம் குடிக்கிறது. 2023இன் ‘தி அதர் பிளாக் கேர்ள்’ தொடரில் பதிப்பகத்தில் வேலை செய்யும் பெண்களைச் சொன்னபடி கேட்க வைப்பது தலையில் தடவும் ஒரு பூச்சு. சுவாரசியமான கற்பனைகள்தான். ஆனால் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: கறுப்பினப் பெண்ணின் கூந்தல் சிக்கல் அவள் மனத்துக்குள் இருக்கிறது, நேராக்கிய முடி அடிமை மனம், சுருண்ட முடி விடுதலை. இந்தக் கணக்கு வசதியானது, ஆனால் தப்பு. கூந்தல் எந்த வடிவில் இருந்தது என்பதைவிட, கூந்தலைத் தொடும் தொழில் யார் கையில் இருந்தது, சட்டம் யார் பக்கம் நின்றது, கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால்தான் இந்த வரலாறு விளங்குகிறது.

முதல் சாட்சியம் 1786ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லூசியானா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் எஸ்டெபன் மிரோ வெளியிட்ட ஆணை, அடிமைகளாக இல்லாத கலப்பின, கறுப்பினப் பெண்கள் தலையில் இறகோ நகையோ சூடக் கூடாது, முடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்றது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் இந்தப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு இணையாகச் சிங்காரித்துத் திரிந்ததே எரிச்சலுக்குக் காரணம். முடி நேராக இருந்தாலும் சுருண்டிருந்தாலும் ஆணைக்குக் கவலையில்லை. தலை நிமிர்ந்து தெரியக் கூடாது, அவ்வளவுதான். பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், வண்ணப் பட்டுத் துணிகளை வாங்கி ‘டின்யோன்’ என்ற அந்தத் தலைக்கட்டை உயரமாக, மடிப்பு மடிப்பாகக் கட்டி, தண்டனையையே நாகரிகமாக்கிவிட்டார்கள். இதைச் சொல்லி மகிழ்ந்து நிறுத்திக்கொள்வது நாகரிக வரலாறு எழுதுபவர்களின் வழக்கம். துணி எத்தனை அழகாக இருந்தாலும் அதைக் கட்டச் சொன்னது அரசு என்பதை மறந்துவிட முடியாது.

அடுத்த எண்பது ஆண்டுகளைத் தாண்டி 1867க்கு வந்தால், லூசியானாவின் டெல்டா என்ற சிற்றூரில் சாரா பிரீட்லவ் பிறக்கிறார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் திருமணம், இருபதில் கைம்பெண். பிறகு செயின்ட் லூயிஸ் நகரில் பல ஆண்டுகள் துணி வெளுக்கும் வேலை. அவரைப் போன்ற பெண்களின் வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. தலைக்குக் குளிப்பது எப்போதாவது. சோப்போ காரம் மிகுந்தது. பொடுகும் படையும் மண்டையை அரித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அவருடைய முடியும் கொட்டியது. ‘போரோ’ என்ற பெயரில் தலைத்தைலம் விற்ற அன்னி டர்ன்போவிடம் விற்பனையாளராகச் சேர்ந்தார். 1905இல் டென்வர் போனார். 1906இல் சார்லஸ் ஜோசஃப் வாக்கரை மணந்து மேடம் சி. ஜே. வாக்கர் ஆனார். அவர் விற்ற பூச்சில் இருந்த முக்கியச் சரக்கு கந்தகமும் பெட்ரோலிய ஜெல்லியும். படைக்குக் கந்தகம் என்பது பழைய கைவைத்தியம். முடியை நீட்டும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவரே என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தச் சீப்பு அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அவர் தன்னைக் கூந்தல் பராமரிப்பவர் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, முடியை நேராக்குபவர் என்ற பட்டத்தை ஏற்கவில்லை. விளம்பரத் தந்திரம் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். மண்டைப் புண்ணோடு வந்தவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது மருந்து.

வாக்கர் செய்த பெரிய காரியம் தைலம் அல்ல, ஆட்கள். அன்றைய தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்த வேலைகள் பெரும்பாலும் மூன்று: பருத்திக்காடு, வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படி, சலவைத்தொட்டி. வாக்கரின் முகவராகச் சேர்ந்தவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் இனத்துப் பெண்களின் வீட்டுக்குப் போய்த் தன் கணக்கில் சம்பாதித்தாள். 1912இல் சிகாகோவில் நடந்த தேசிய நீக்ரோ வணிகக் கழக மாநாட்டில் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச இடம் தரவில்லை. முடி விவகாரத் தொழில்கள் மீது வாஷிங்டனுக்கு மரியாதை கிடையாது. அவை வெள்ளையரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது என்பது அவர் எண்ணம். வாக்கர் அழைப்பில்லாமலே எழுந்து நின்று, பருத்திக்காட்டிலிருந்து தொழிற்சாலை முதலாளி ஆனது வரை தன் கதையைச் சொன்னார். அடுத்த ஆண்டு அதே கழகம் அவரை மேடைக்கு அழைத்தது. 1917இல் பிலடெல்பியாவில் தன் முகவர்களுக்கு ஒரு மாநாடு கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு இருந்தது. அதோடு, தன் ஊரில் அதிகம் தருமம் செய்தவர்களுக்கும் பரிசு இருந்தது. கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைப் படுகொலை செய்து சில வாரங்களே ஆகியிருந்த சமயம். கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் வில்சனுக்கு மாநாடு தந்தி அனுப்பியது. கூந்தல் தைலம் விற்பவர்களின் கூட்டம் நாட்டின் தலைவருக்கு அரசியல் தந்தி அனுப்பியதற்கு வேறு முன்மாதிரி உண்டா என்று யோசிக்கலாம்.

இந்தக் கதையை 2020இல் நெட்ஃபிளிக்ஸ் ‘செல்ஃப் மேட்’ என்ற நான்கு பகுதித் தொடராக்கியது. ஆக்டேவியா ஸ்பென்சர் தாங்கிப் பிடிக்கிறார். ஆனால் அன்னி டர்ன்போவை (பிற்காலத்தில் அன்னி மலோன்) அது ஆடி மன்ரோ என்று பெயர் மாற்றி, வெளிர்நிறத் திமிர்பிடித்த வில்லியாக்கி, இரண்டு தொழில்முனைவோருக்கு இடையிலான போட்டியை நிறப் பொறாமையாகச் சுருக்கிவிட்டது. உண்மையான மலோன் அடிமைத்தனத்திலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். வாக்கருக்கு முன்பே வீடு வீடாக விற்கும் முறையை நடத்தியவர். 1918இல் செயின்ட் லூயிஸில் போரோ கல்லூரி என்ற பெருங்கட்டடத்தை எழுப்பி, பயிற்சி வகுப்பு, அரங்கம், உணவகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்தவர். (ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி கூந்தல் கலை படித்ததும் போரோவில்தான்.) கறுப்பினத்தவருக்குள் நிறப் பாகுபாடு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சிவப்பு, யார் கறுப்பு என்று சண்டை மூட்டியது கதாசிரியர்களின் சோம்பல். கணக்குப் புத்தகத்தைப் படமெடுக்கத் தெரியாதபோது கண்ணாடியைப் படமெடுக்கிறார்கள்.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில், இளமையில் காரக்கலவையால் முடியை நேராக்கிக்கொண்டதைத் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய அடியாக விவரிக்கிறார். மண்டை எரிய எரியப் பொறுத்துக்கொண்டதை நினைத்து அவருக்கு வெட்கம். கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களைப் புரட்டினால் தோல் வெளுக்கும் களிம்பு விளம்பரங்கள் வரிசையாக வரும். இந்தத் தொழில் அவமானத்தைத் தின்று வளர்ந்தது, முதலாளி எந்த நிறமாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இவை ஆதாரம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அவமானத்துக்கு ஒரு சம்பளச்சீட்டும் இருந்தது என்பதை இந்த வாதம் விட்டுவிடுகிறது. கடைவேலை, தட்டச்சு வேலை, ஆசிரியர் வேலை என்று எங்கு போனாலும் ‘பார்க்க ஒழுங்காக’ இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஒழுங்கு என்றால் படிந்த முடி. அப்படிப்பட்ட ஊரில் வாரம் ஒருமுறை சூட்டுச் சீப்புக்குத் தலை கொடுத்த பெண்ணிடம், நீ உன்னை வெறுக்கிறாய் என்று சொல்வது எளிது. அவளுக்கு வேலை கொடுத்தவனிடம் கேள்வி கேட்பதே கஷ்டம்.

அந்தச் சூட்டுச் சீப்பு இருந்த அறைகளுக்குள்ளேயே நடந்த ஒன்றைத் திரைக்கதைகள் இன்னும் சரியாகத் தொடவில்லை. 1956இல் தென் கரோலினா அரசு, கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு அரசு வேலை கிடையாது என்று சட்டம் போட்டது. பல ஆண்டுகள் பாடம் நடத்திய செப்டிமா கிளார்க் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்து வேலை இழந்தார். அவரும் ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஈசா ஜென்கின்ஸும் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியும் சேர்ந்து பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்க நினைத்தார்கள். வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தத் தீவின் பெரியவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. யாரை ஆசிரியராகப் போடுவது? பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் மறுநாளே வேலை போகும். அதனால் கிளார்க் தன் உறவுப்பெண் பெர்னீஸ் ராபின்சனைப் பிடித்தார். அவர் சார்ல்ஸ்டனில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையை விட்டு நீக்க எந்த வெள்ளைக்காரனாலும் முடியாது. 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவு மளிகைக்கடையின் பின்னறையில், முன்னால் சாமான் விற்பனை நடக்க, 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. தனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று தொடங்கினார் ராபின்சன். பெயர் எழுத, மணியார்டர் படிவம் நிரப்ப, அஞ்சலில் பொருள் வாங்கும் பட்டியலைப் படிக்க வேண்டும் என்றார்கள், அதையே பாடமாக்கினார். பிறகு அரசமைப்பு. அந்த வகுப்பு அக்கம்பக்கத் தீவுகளுக்குப் பரவி, 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்று நடத்தும் குடியுரிமைப் பள்ளிகளாக வளர்ந்தது. இந்த ஒரு நிகழ்வே என் வாதத்துக்குப் போதும். ராபின்சனின் வாடிக்கையாளர்கள் முடியை நேராக்கிக்கொண்டவர்கள். அவர்களின் காசில் நின்ற கடைதான் வாக்குச்சீட்டுக்குப் போன வழியின் முதல் படி. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் வீரா பிகீயின் பார்லரும் இதே வேலையைச் செய்தது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சாட்சியம் உண்டு. 1962 ஜனவரியில் ஹார்லெமில், புகைப்படக் கலைஞர் குவாமே பிராத்வெய்ட்டும் அவர் நண்பர்களும் ‘கிராண்டாசா மாடல்கள்’ என்ற பெயரில் கருமையான, சுருள்முடிப் பெண்களை மேடையேற்றி ‘நேச்சுரலி 62’ என்ற நாகரிகக் காட்சியை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்’ தொடரில் சிசிலி டைசன் குட்டையாக வெட்டிய இயல்பான முடியோடு சமூகப்பணியகச் செயலாளராக வந்தார். அவருக்கு வந்த கடிதங்களில் சில பார்லர்காரர்கள் எழுதியவை: உன்னைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முடியை வெட்டிக்கொள்கிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று. 1971இல் குடியரசுத் தலைவர் நிக்சனின் மகள் திருமணத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்க ‘ஆஃப்ரோ’ எனும் இயல்பான சுருள்முடித் தலையோடு போன நியூயார்க் தொலைக்காட்சிச் செய்தியாளர் மெல்பா டாலிவரை, முடியை மாற்று, இல்லையென்றால் மூடு என்றது நிலையம். மறுத்ததால் கொஞ்ச நாள் திரையில் அவரைக் காணோம். 1786இன் ஆணையை 1971இல் வேறு மொழியில் சொன்னார்கள். சுருள்முடி போராட்டத்தின் கொடியாக இருந்தது உண்மை. ஆனால் கொடிக்கும் கடை உண்டு.

அந்தக் கடை சிகாகோவில் இருந்தது. ஜார்ஜ் ஜான்சன் 1954இல் தொடங்கிய ஜான்சன் புராடக்ட்ஸ் முதலில் ஆண்களுக்கும் பின்னர் பெண்களுக்கும் முடி நேராக்கும் சரக்கை விற்றது. ‘அல்ட்ரா ஷீன்’ அதன் புகழ்பெற்ற பெயர். காற்று மாறியதும் அதே கம்பெனி ‘ஆஃப்ரோ ஷீன்’ விற்றது. 1971இல் ‘அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்’ பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கம்பெனி அதுதான். அதே ஆண்டு டான் கார்னீலியஸின் ‘சோல் டிரெயின்’ இசை நடன நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியதற்குப் பணம் கொடுத்ததும் இந்தக் கம்பெனியே. ஆஃப்ரோ, பெல்பாட்டம், நடன அசைவு என்று இன்றைய படங்கள் ஏக்கத்தோடு திரும்பத் திரும்பக் காட்டும் எழுபதுகளின் கறுப்பின அழகு பெருமளவு அந்த நிகழ்ச்சியின் வழியே வந்தது. நேரான முடியில் சம்பாதித்த பணம் சுருண்ட முடிக்கு மேடை போட்டது. இதைத் துரோகம் என்று நினைப்பவர்கள், வேறு எந்த வங்கி அந்த மேடைக்குக் காசு கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டும்.

பிறகு சாவி கைமாறியது. 1975இல் மத்திய வணிக ஆணையம், முடியை நேராக்கும் காரம் கலந்த பூச்சான ரிலாக்சர் ஆபத்தானது என்று எச்சரிக்கை அச்சிடும்படி ஜான்சன் கம்பெனியைக் கையெழுத்திட வைத்தது. நியாயமான எச்சரிக்கை. ஆனால் அதே காரத்தை விற்ற ரெவ்லானுக்கு அந்த நிபந்தனை வர கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் சந்தை நழுவிவிட்டது. 1993இல் ஜான்சன் புராடக்ட்ஸ் விற்கப்பட்டது. சிகாகோவின் இன்னொரு கறுப்பினக் கம்பெனியான சாஃப்ட்ஷீனை 1998இல் லோரியால் வாங்கியது. விசித்திரம் என்னவென்றால், திரையில் கறுப்பின முகங்கள் பெருகியது இதே காலத்தில்தான். 1968இல் டயஹான் கரோல் ‘ஜூலியா’ தொடரில் செவிலியராக வந்தபோது அது ஒற்றை அதிசயம். எண்பதுகளின், தொண்ணூறுகளின் மாலைநேரத் தொடர்களில் கறுப்பினக் குடும்பங்கள் சகஜம். முகம் ஏறியது, உரிமை இறங்கியது. அழகு வரலாற்றைத் திரையை மட்டும் வைத்து எழுதினால் இந்த இறக்கம் கண்ணில் படாது.

விக், சவுரி வியாபாரத்தில் இது இன்னும் வெளிப்படை. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1966 வாக்கில் அமெரிக்கா, கம்யூனிஸ்ட் சீனாவின் முடியில் செய்த விக்குகளுக்குத் தடை போட்டது. அந்த இடத்தைத் தென் கொரியா பிடித்தது. விக் அதன் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்றானது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா வந்த கொரியர்கள் அதை வாங்கி கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் விற்று, அழகுப்பொருள் கடைகளாக வளர்த்தார்கள். உண்மையான மனித முடிக்கான தேவை கூடக் கூட, கண்கள் இந்தியாவின் பக்கம் திரும்பின. திருப்பதியில், பழநியில், சமயபுரத்தில், திருத்தணியில் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடும் பெண்களின் நீள முடி ஏலத்துக்குப் போகிறது. சென்னையின் ஏற்றுமதிக்கூடங்களில் பிரித்து, கழுவி, சீவி, கட்டுக் கட்டாகக் கப்பலேறுகிறது. நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் உருவாக்கி 2009இல் வந்த ‘குட் ஹேர்’ ஆவணப்படம் திருமலை வரை வந்து இதைக் காட்டியது. கறுப்பினத்தவரின் முடியை மூட்டையில் கொண்டுபோய் அழகுப்பொருள் கடைகளில் விலை பேசும் ஒரு காட்சியும் அதில் உண்டு, யாரும் வாங்கவில்லை. அந்தக் காட்சியே பொருளாதாரப் பாடம். ஆனால் படம் மீதி நேரத்தைப் பெண்களின் செலவைப் பார்த்துச் சிரிப்பதில் கழித்துவிட்டது. மொட்டை போட்ட பெண் சாமிக்குக் கொடுத்தாள். அட்லாண்டாவில் சவுரி தைத்துக்கொண்ட பெண் கடைக்குக் கொடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த லாபம் இருவர் கண்ணிலும் படவில்லை.

சட்டத்தின் பக்கம் பார்த்தாலும் மனோதத்துவத்துக்கு வேலை குறைவு. 1981இல் நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்தின் கறுப்பினப் பெண் ஊழியர், தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ பின்னலுக்குத் தடை விதித்ததை எதிர்த்து வழக்காடித் தோற்றார். ஆஃப்ரோ இயற்கையாக வளர்வது, அதைத் தடுத்தால் ஒருவேளை பாகுபாடாகலாம். பின்னலோ செயற்கை, வேண்டுமானால் அவிழ்த்துக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. 1979இல் வந்த ‘10’ படத்தில் வெள்ளை நடிகை போ டெரெக் அந்தப் பின்னலைப் பிரபலமாக்கிய பிறகே இவர் அப்படிப் பின்னி வந்தார் என்பதையும் நீதிபதி குறிப்பிட்டார். ஆப்பிரிக்கப் பாட்டிகள் பல நூறாண்டு பின்னிய பின்னல், ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் கணக்கில் எழுதப்பட்டது! 2016இல் அலபாமா வழக்கு ஒன்றில், வாடிக்கையாளர்களோடு நேருக்கு நேர் பார்க்காமல் பேசும் வேலைக்குக்கூட சடைமுடி ஆகாது என்று சொன்ன கம்பெனி மேல்முறையீட்டில் வென்றது. இன்னொரு பக்கம், பின்னல் போட்டுப் பிழைத்த பெண்களைப் பல மாநிலங்கள் முழு அழகுக்கலை உரிமம் எடுக்கச் சொல்லி வாட்டின. டெக்சாஸில் இதற்காக 1997இல் ஒருவரைக் கைது செய்தே விட்டார்கள். அந்த மாநிலத்தின் விதிகள் செல்லாது என்று தீர்ப்பு வர 2015 ஆனது. கலிபோர்னியா 2019இல் ‘கிரவுன்’ சட்டத்தை முதன்முதலாக இயற்றி, பின்னலையும் சடைமுடியையும் இன அடையாளமாகப் பாதுகாத்தது; இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடாளுமன்றத்தின் கீழவை 2022 மார்ச்சில் இதை நிறைவேற்றியது, மேலவையில் நின்றுபோனது.

என் வாதத்தை அதிகம் சோதிப்பது மருத்துவம். 2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். நேராக்கும் ரசாயனத்தை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. அப்படியானால் முடியின் வடிவம் உயிர்ப் பிரச்சினையே. யாருடைய கம்பெனி என்பதில் என்ன இருக்கிறது? கேள்வி சரி. வாக்கரின் கந்தகத்தைப் புகழ்பவர்கள் ஜான்சனின் காரத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கறுப்பின முதலாளி விற்றதால் எதுவும் மருந்தாகிவிடாது. ஆனால் பழியை இப்போது யார்மேல் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். பத்து வயதில் அம்மா ரிலாக்சர் போட்டுவிட்ட பெண்ணுக்கு அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நேராக்கும் பொருட்களில் ஃபார்மால்டிஹைடைத் தடைசெய்யப் போவதாக மத்திய உணவு மருந்து நிர்வாகம் 2023இல் அறிவித்தது. பிறகு தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. உடலுக்கு வந்த கேட்டை உள்மனத்தின் பலவீனமாக விளக்கும் படங்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தாமதத்துக்குத் துணைபோகின்றன.

கேமராவுக்கும் இதே கதை. கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்களே இருந்தார்கள். பழுப்பு நிறங்களைச் சரியாகப் பதிவுசெய்ய அந்தப் படச்சுருளைத் திருத்தத் தூண்டியவற்றில் மரச்சாமான், சாக்லெட் கம்பெனிகளின் புகார்கள் முக்கியமானவை. 1958இல் தொடங்கி, யூனிஸ் ஜான்சன் பல ஆண்டுகள் நடத்திய ‘எபனி’ இதழின் ஊர்சுற்றும் நாகரிகக் காட்சியில் மாடல்கள் இரண்டு மூன்று பூச்சுகளைக் குழைத்துத் தங்கள் நிறத்தைப் பிடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1973இல் ‘ஃபேஷன் ஃபேர்’ முகப்பூச்சு வந்தது. 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி முகப்பூச்சு 40 நிறங்களோடு இறங்கியபோது பெரிய கம்பெனிகள் திடீரென்று விழித்தது போல் நடித்தன. படப்பிடிப்பில் இன்றுவரை கறுப்பின நடிகைகள் தங்கள் முடியைத் தாங்களே வீட்டில் முடித்து வருவதாகச் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்குள்ள நாற்காலியில் அதைத் தொடத் தெரிந்தவர் இல்லை. ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ படத்துக்காக மியா நீலும் ஜமிகா வில்சனும் 2021இல் ஒப்பனை, சிகையலங்கார ஆஸ்கர் பெற்றதே கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பிரிவில் முதல் விருது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் நடிகர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் எல்லா முடிக்கும் எல்லாத் தோலுக்கும் தெரிந்த கலைஞர் வேண்டும் என்ற அம்சம் இடம்பெற்றது. கண்ணாடிக் காட்சிகள் பத்து செய்யாத வேலையை அந்த ஒப்பந்த வாசகம் செய்யக்கூடும்.

இப்போது நடிகைகளே புட்டியின் உரிமையாளர்களாகிறார்கள். ‘பிளாக்-இஷ்’ தொடரின் டிரேசி எல்லிஸ் ராஸ் 2019இல் சுருள்முடிக்கென ‘பேட்டர்ன்’ கம்பெனியைத் தொடங்கினார். ‘இன்செக்யூர்’ தொடரின் இசா ரே இன்னொரு கூந்தல் கம்பெனியில் பங்கெடுத்தார். 2025இல் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் கறுப்பின ஆண்களின் தையல் நாகரிகத்துக்கே தன் ஆண்டுக் கண்காட்சியை ஒதுக்கியது. இவையெல்லாம் நல்ல செய்திகள். அதே சமயம், ‘ஷியா மாய்ஸ்சர்’ மூலம் பெயர் வாங்கிய, லைபீரியாவில் பிறந்தவர் நிறுவிய சன்டியல் கம்பெனி 2017இல் யூனிலீவருக்குப் போனது. ‘கிரவுன்’ சட்டத்துக்காகக் குரல் கொடுத்த டவ் சோப்பும் யூனிலீவருடையதே. 2022இல் வால்மார்ட் அலமாரிகளில் புதிதாக ஒரு கூந்தல் வரிசை வந்தது. தயாரித்தது சன்டியல். அட்டையில் இருந்த பெயர் மேடம் சி. ஜே. வாக்கர்.